ஒரு மூட்டைக்குக் கீழே

கம்ப்யூட்டர் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு படத்தைக் காட்டி, "இதுதாம்மா உங்க ஈரல்" என்றார் டாக்டர். எனக்கு ஈரலும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. "கொழுப்பு ரொம்ப இருக்கு. இந்த நிலைமையில வெட்டி எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, வைக்கிற அவருக்கும் பிரயோஜனம் இல்ல."

அவர் என்றது என் தம்பியை. மதகடிப்பட்டில் பைக் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மீசை முளைத்த நாளிலிருந்து குடித்துத் தன் ஈரலைச் சுருக்கிவிட்டான். ரத்தமாக வாந்தி எடுத்த அன்றுதான் நிறுத்தினான். நிறுத்தும்போது எல்லாம் முடிந்திருந்தது. இன்னொருவருடைய ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். அவன் பெண்டாட்டிக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்து உட்கார்ந்தால் இப்படி ஒரு படம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மருந்துக் கடையைத்தான் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். பிராந்திக் கடை தானாக எதிரே வரும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து ஒரு சொட்டுகூட நாக்கில் படாதவள் நான். வெறும் சோற்றைத் தின்றே ஈரலைக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்றால் எப்படி இருக்கும்?

"ரெண்டு மாசம் பாக்கலாம். எடையைக் குறைங்க. பட்டினி கெடக்காதீங்க, பவுடர் மாத்திரைன்னு எதையும் வாங்கிச் சாப்பிடாதீங்க. சோறை பாதியாக்குங்க, சர்க்கரையை நிறுத்துங்க, எண்ணெயில பொரிச்சதைத் தொடாதீங்க, தினமும் வேகமா நடங்க. அவ்வளவுதான்."

"குறையலைன்னா?"

அவர் பேனாவை மூடினார்.

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். கண் மஞ்சள், கை கால் குச்சி, வயிறு மட்டும் தண்ணீர் கட்டிப் புடைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் சின்ன வயசுலயே சொன்னேன்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது. அவன் வயிற்றில் தண்ணீர், என் வயிற்றில் சோறு, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

ஆபரேஷன் செலவுக்கு என்ன செய்தோம் என்பது வேறு கதை. அதை எழுதப் போவதில்லை. எனக்கு அந்த நாட்களில் பணத்தைவிட என் உடம்புதான் பெரிய தொல்லையாக இருந்தது.

எங்கள் வீடு குருவிநத்தத்தில். நெல்லும் கரும்பும் வைக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் மூட்டை நிறுக்கும் எடை மேடை ஒன்று இருக்கிறது. மறுநாள் மத்தியானம் யாரும் இல்லை என்று பார்த்து அதன்மேல் ஏறி நின்றேன். முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்க்க என் வயிறே விடவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூட்டைக்கு மேல ஒம்போது கிலோ."

என் வீட்டுக்காரர். மோட்டார் கொட்டகையிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் நெல் மூட்டை என்றால் எழுபத்தைந்து கிலோ. அதை இரண்டு ஆள் பிடித்துத்தான் தூக்குவார்கள். நான் அதற்கும் மேலே ஒன்பது கிலோவைச் சுமந்துகொண்டு தினமும் தெருவில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். மூட்டைக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். டாக்டர் சொன்ன கணக்கு வேறாக இருக்கலாம். எனக்கு மனதில் நின்றது மூட்டைதான்.

ஈரல் கொடுக்க என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டபோது, "உன் தம்பி. உன் வவுறு. நான் இன்னாத்த சொல்றது" என்று பேனாவை வாங்கினார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, அதை மட்டும் பார்த்தேன்.

ஊரில் யாருக்கும் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். சொன்னால் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும். குடிகாரனுக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்வாயா, வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இது என்ன புத்தி என்று ஆளாளுக்குப் பேசி, என்னைக் கலைத்துவிடுவார்கள். நான் கலைந்துபோகக் கூடியவள்தான். அதனால்தான் பயம்.

முதலில் சோறு. நான் தட்டில் அதிகம் போட்டுக்கொள்கிறவள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், நான் சாப்பிடுவது தட்டில் இல்லை, சட்டியில். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடியில் இருக்கும் குழம்பில் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நின்றுகொண்டே நான்கு வாய். மகள் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை. காலையில் மிச்சமான பழையது. இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது, பாத்திரம் கழுவுகிற வேலையில் சேர்ந்துவிடும். நெல் விளைகிற வீட்டில் சோற்றைக் கொட்ட மாட்டோம். கொட்டாமல் இருக்க வேண்டுமென்றால் அது எங்கேயாவது போக வேண்டும். எனக்குள் போயிற்று.

ஏன் மிச்சமாகிறது? நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டில் ஒன்பது பேர், அது போக நடவு ஆட்கள். அன்றைக்கு எந்தப் படியால் அளந்தேனோ அதே படியால்தான் இன்றும் அளந்துகொண்டிருந்தேன். இப்போது நாங்கள் மூன்று பேர். ஒவ்வொருவராகப் போகப் போக அளவைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை. குறைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பயம். அந்தப் படியைக் கழுவிக் கவிழ்த்து மேலே பரணில் வைத்துவிட்டு, டம்ளரால் அளக்க ஆரம்பித்தேன். முதல் நாள் உலையில் அரிசி அடியில் கிடந்ததைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. இவர் வந்து சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் தட்டு நிறைய கீரையும், ராத்திரி சுண்டலோ பச்சைப்பயறோ. டீயில் சர்க்கரை இல்லை. சாயங்காலம் கடையில் போண்டா போடுகிற வாசனை தெருவில் வரும்போது நான் எழுந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுவேன். உட்கார்ந்தால் பசிக்கும். நின்றாலும் பசிக்கும், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பசிக்கும். எந்த வேலையிலும் கை நிலைக்கவில்லை. துணி மடிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்து வாசலுக்குப் போவேன், வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உள்ளே வருவேன். சிடுசிடுவென்று விழுந்தேன். மகள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அடுத்தது நடை. டவுனில் காலையில் கடற்கரைச் சாலையில் ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி வீசி நடக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் சாலையில் நடக்க முடியாது. வயலுக்குப் போகலாம், பால் ஊற்றப் போகலாம், பஸ்ஸுக்குப் போகலாம். சும்மா போகக் கூடாது. முதல் நாள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டவில்லை, ஒரு பைக் வந்து பக்கத்தில் நின்றது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர் மகன்.

"எங்கக்கா?"

"சும்மாதாண்டா."

"சும்மான்னா இன்னா, ஏறுக்கா. வுட்டுட்டுப் போறேன்."

"இல்லடா, நடந்தே போறேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "வரப்புத் தகராறு பெரியவங்களோட. அதுக்கு என் வண்டியில ஏறக் கூடாதா?"

இருக்கிற தகராறு போதாதா என்று ஏறி உட்கார்ந்தேன். பாகூர் கடைத்தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, போய்விட்டான். கையில் பையும் இல்லை, காசும் இல்லை. சரி, திரும்பி நடந்தால் அதுவும் நடைதானே என்று கிளம்பினேன். ஏரிக்கரை வருவதற்குள் இன்னொரு வண்டி நின்றது. அதில் வந்தது சொந்தக்காரர், மறுத்தால் விடுவாரா? போக ஒரு பைக், வர ஒரு பைக். என் முதல் நாள் நடைப்பயிற்சி அப்படி முடிந்தது.

இரண்டு வாரம் இந்தக் கூத்துதான். கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து ஒளிந்து நடந்தேன். எடை மேடையில் ஏறினால் முள் கொஞ்சம்கூட அசையவில்லை. மதகடிப்பட்டிலோ தம்பிக்கு வாரம் ஒரு தரம் வயிற்றிலிருந்து தண்ணீர் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. நாள் போய்க்கொண்டிருந்தது. என் ஈரல் என்ன செய்கிறதோ, அதைத் திறந்து பார்க்கவும் முடியாது.

ஆவணியில் எதிர் வீட்டு அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். ஆட்டுக்கறி பிரியாணி. வாசனையிலேயே கண் இருட்டியது. அந்த அக்காவே கரண்டியும் கையுமாக வந்தார். நான் இரண்டு கையாலும் இலையை மறைத்தேன்.

"இன்னாடி இலைய மூடற? ஒரு கரண்டி வச்சிக்க."

"வேணாக்கா."

"வேணான்னா? எம் பேரன் விசேஷத்துல நீ சாப்டாம போவியா? சுகரா ஒனக்கு? சுகர் இருக்கறவங்கல்லாம் சாப்பட்றாங்க, தோ பாரு. எனக்கு இல்லாத சுகரா?"

"அதில்லக்கா."

"அப்புறம் இன்னா? ஒடம்பு வேற வாடிக் கெடக்கற, காலங்காத்தால எங்கியோ நடந்து போறியாம்..." பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஏண்டி, வேண்டுதலா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தம்பியின் வயிறு கண்முன்னே வந்தது. தலை தானாக ஆடியிருக்க வேண்டும். அந்த அக்கா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தாயே, தெரியாம வச்சிட இருந்தேன்." யாரோ எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வழி விட்டார்கள். டயட் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். டாக்டர் சொன்னார் என்றால் டாக்டர் கெட்டார் என்பார்கள். வேண்டுதல் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. யார் வீட்டிலும் தட்டை நீட்டவில்லை. சாலையில் வண்டிகள் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போயின. அந்த வயல்காரர் மகன் ஹாரன்கூட அடிக்காமல் போனான். நான் ராணி மாதிரி நடுரோட்டில் நடந்தேன்.

அது நான்கு நாள்தான். ஐந்தாவது நாள் எதிர் வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் என் காலைப் பார்த்தார்.

"இன்னாடி, செருப்பு போட்டுக்கினு நடக்கற?"

அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். ஆற்றங்கரை வரை வேலிக்காத்தான் முள். முதல் வாரம் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. முள் எடுத்து மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த நாள் கிளம்பினால் புதிதாக ஒன்று ஏறும். புண் சீழ் பிடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று வேறு பயம். இதென்னடா, வேண்டிக்கொள்ளாத வேண்டுதலுக்கு இவ்வளவு தண்டனையா என்று ஆற்று மணலில் நின்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். யாரைத் திட்டினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார்கள்.

"சொல்லக் கூடாதுக்கா."

"ஆமாமா, சொன்னா பலிக்காது."

பிறகு அவர்களே அவரவர் வேண்டுதலை என்மேல் ஏற்ற ஆரம்பித்தார்கள். எதிர் வீட்டு அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தையில்லை. "நடக்கறப்ப அவளுக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிடுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வயல்காரர் மகனுக்கு வெளிநாட்டு வேலை. இன்னொருத்திக்கு மாமியாருடைய கண் ஆபரேஷன். நான் பொய்க்காரி, என்னிடம் போய் இதையெல்லாம் கொடுக்கிறார்களே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாமி பக்கம் அவ்வளவாகத் திரும்புகிற ஆளில்லை நான். ஆனாலும் வாங்கிக்கொண்டதைச் சொல்லாமல் நடக்க முடியவில்லை. அந்த மகள், அந்தப் பையன், அந்தக் கண், கடைசியில் என் தம்பி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். சொல்லிக்கொண்டு நடந்தால் முள் கொஞ்சம் குறைவாகத்தான் குத்தியது.

தினமும் சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்வேன். "சாப்டியா?" என்று கேட்பேன். கேட்பது அதுதான். காது தேடுவது வேறு. நாக்கு குழறுகிறதா, பேச்சு இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவனுக்கும் தெரியும். "சாப்டேன், வெறும் சாப்பாடு" என்பான். மறுபடி தொட்டான் என்று தெரிந்தால் டாக்டர்கள் கை கழுவிவிடுவார்கள். அப்புறம் நான் இளைத்தால் என்ன, ஊதினால் என்ன?

ஒருநாள் போனை எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். தம்பி பெண்டாட்டிக்கு அடித்தால், "கடைக்குப் போறேன்னு போனாருங்க" என்றாள். என்னால் இருக்க முடியவில்லை. இவரை வண்டியை எடுக்கச் சொல்லி மதகடிப்பட்டுக்குப் போனோம். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தான், கையில் டம்ளர். ஒரு வார்த்தை பேசாமல் போய் அதைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். சோடா. வெறும் சோடா.

அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நீயும் மோந்து பாத்துட்டியா? எல்லாரும் மோந்து பாக்கறாங்கக்கா. எம் பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்ததும் கட்டிப் புடிக்கற மாதிரி வந்து மோந்து பாக்கறா."

டயர் ஓரத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"வேணான்னா வுட மாட்றானுங்க. டாக்டர் சொன்னாருன்னா சிரிக்கறானுங்க. ஒரு ரவுண்டுல இன்னாடா ஆயிடப் போவுதுன்றானுங்க. அதான் ஷட்டரை எறக்கிக்கினு உள்ள உக்காந்துட்டேன்."

ஒரு கரண்டி வைத்துக்கொள், ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடப் போகிறது. எனக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். பிரியாணிக் கதையை அவனிடம் சொன்னேன். அந்த அக்கா கரண்டியை மாற்றிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டதை நடித்துக் காட்டினேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். "கேடி நீ" என்றான். அவன் அப்படிச் சிரித்து அந்த வருடத்தில் நான் பார்க்கவில்லை. வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த இவரும் என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தார்.

இரண்டு மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தோம். நான் மூட்டைக்குச் சரியாக வந்திருந்தேன். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துத் தலையாட்டி, "நல்லா குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் வேணும். மூணு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். மூன்று வாரம்! தம்பி அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தான். பேச்சில் தடுமாற்றம் வந்திருந்தது. என்னைப் பார்த்து ஒருதரம் அம்மா என்றான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வேளையும் நடந்தேன். காலையில் ஆற்றங்கரை, சாயங்காலம் ஏரிக்கரை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் கால் புதையப் புதைய நடந்தேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடலாமா என்று எத்தனையோ தரம் கை இழுத்தது. பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்து அளந்து சாப்பிட்டேன். சாப்பிடுவதும் பயம், சாப்பிடாமல் இருப்பதும் பயம். ஒருநாள் மழையில் எதிர் வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் கூடவே ஆற்றங்கரை வரை நடந்து வந்தார்.

கொட்டகையில் ஏறி நின்றபோது இவர்தான் முள்ளைப் பார்த்தார். "மூட்டைக்குக் கீழ வந்துட்ட" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கார்த்திகையில் ஆபரேஷன். அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்த பிறகு வலித்தது, நிறையவே வலித்தது. சில நாள் கழித்து அவனைச் சக்கர நாற்காலியில் என் அறைக் கண்ணாடிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூக்கு வாய் மூடியிருந்தது. கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களையே பார்த்தான். பிளவும் தழும்பும் முள் கறுத்த புள்ளியுமாக இருந்த உள்ளங்கால்கள். பிறகு போனில், "உன் காலு இன்னாக்கா அப்படி இருக்கு?" என்றான். வேண்டுதல் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? வயிற்றில் அவ்வளவு பெரிய தையலோடு வந்து இறங்கினேன். எதிர் வீட்டு அக்கா பார்க்க வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டவர், கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று.

"அதெல்லாம் இருக்கட்டும். எம் பொண்ணுக்குச் சேத்து வேண்டுனியா, இல்லியா?"

"தெனமும் வேண்டுனேன்க்கா. மொதல்ல அவ பேருதான்."

"அது போதும்" என்று எழுந்து போனார். அவர் மகளுக்கு இன்னும் குழந்தையில்லை. அந்த அக்கா என்னை ஒருநாளும் அதைச் சொல்லிக் குத்தியதில்லை.

இனி தம்பி. பிழைத்துவிட்டான். பிழைத்தது போதாது, குடிக்காமல் இருக்க வேண்டும். என் உடம்பிலிருந்து வெட்டிய துண்டு அவன் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. எனக்குள் இருந்தவரை அதைப் பற்றி ஒருநாள் கவலைப்பட்டதில்லை, அவனிடம் போன பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கவலை. போன் செய்வதை நிறுத்தவில்லை. "சாப்டியா?" "சாப்டேன்." எடையும் ஏறவில்லை எனக்கு, அந்தப் பரபரப்பிலேயே நடந்துகொண்டிருந்தேன், செருப்போடு.

முதல் பொங்கலுக்கு அவனால் வர முடியவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்குத்தான் சீர் எடுத்துக்கொண்டு வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், எனக்குப் புடவை. பெண்டாட்டியும் பெண்ணும் கூட. வாசலில் நிற்கும்போதே பார்த்தேன், காலில் செருப்பில்லை.

"செருப்பு எங்கடா?"

"பஸ்ஸுல ஏறறப்ப அறுந்துபோச்சுக்கா."

டாக்டர் அவனுக்கு வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சின்னக் கீறல்கூட ஆகாது. என் வீட்டுக்காரர் செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டேன். போட்டுக்கொள்கிறேன் என்றான். வேலை மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு வரும் கரிநாள் அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் கூடுவார்கள். பின்பக்கம் தென்னை மரத்தடியில் ஆண்கள் பாய் விரித்துவிட்டார்கள். இவருடைய பெரியப்பா மகன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். நான் அடுப்பங்கரை வாசலில் கறிச் சட்டியோடு நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. அவன் அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தான். போய் அவனை எழுப்பிக்கொண்டு வந்துவிடலாமா? எத்தனை பாயிலிருந்து எழுப்ப முடியும்? அவன் பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளும் அங்கேதான் பார்த்தாள்.

பெரியப்பா மகன் ஒரு டம்ளரில் ஊற்றித் தம்பி பக்கம் நீட்டினார். அவன் கையசைத்தான். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவன் முதுகில் தட்டினார். என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னான்.

டம்ளர் நின்றது. அவர் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையால் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

தம்பி பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா இன்னா சொன்னாரு அத்தை?" என்று கேட்டாள். நான் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடக்கி உட்கார்ந்திருந்ததில் உள்ளங்கால் வெளியே தெரிந்தது. என் கால் மாதிரியே இருந்தது. பஸ்ஸில் அறுந்த செருப்புக்கு அப்படி ஆகாது. மாதக் கணக்காக நடந்திருக்கிறான். பாவி, ஒரு முள் ஏறினால் மறுபடியும் ஆஸ்பத்திரிதானே, அறிவிருக்கிறதா உனக்கு என்று கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டுதல்" என்றுதான் வந்தது.